ஒன்பது கிலோ

காஸ்த்ரோவில் மழைக்கு விடுமுறை கிடையாது,
வியாழக்கிழமைகளில் எங்களுக்கும்.
பல் மருத்துவம் ஐந்தாம் ஆண்டு நான்,
பொது மருத்துவம் ஐந்தாம் ஆண்டு அமாரோ ஒயார்சுன்.
ஒரே அறை, ஒரே நோயாளி,
இருவரும் சேர்ந்து ஒரே குறிப்பு எழுத வேண்டுமாம்.
சாயும் நாற்காலி எனக்குப் பழக்கம்,
சாயாத கட்டில் அவனுக்கு.
எதில் உட்காரச் சொல்வது என்பதிலேயே
முதல் வாரம் சண்டை வந்தது.

வாயைத் திறங்கள் என்று இருவருமே சொல்கிறோம்.
அவன் நாக்கைக் குச்சியால் அமுக்கி
பற்களைத் தாண்டித் தொண்டைக்குப் போய்விடுகிறான்,
வாசற்காரரைப் பாராமல் மாடியேறும் கூரியர் பையன் மாதிரி.
நான் வாசலோடு நின்றுவிடுகிறேன்.
மூன்று வருடமாக என் நோயாளிகளுக்குக்
கழுத்துக்குக் கீழே
ஒரு நீலத் துணிதான் இருந்தது.

இன்று வந்தவர் எர்சிலியா பையாகார்.
ஐம்பத்தாறு வயது, சிப்பி ஆலையில் தரம் பிரிக்கும் வேலை.
தீவிலிருந்து முதல் படகில் வந்திருந்தார்.
ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தது.
அமாரோவின் பேனா ஓடியது:
தைராய்டு, சர்க்கரை, காசநோய், குடல்,
எழுதிவிட்டுக் கையால் மறைத்த இன்னொரு சொல்.
நான் சும்மா இருந்தேன்.
என் பாடம் பசிக்கு
ஒரு விரற்கடை முன்னால் முடிந்துவிடுகிறது.

அவர் பேசும்போது மேல்வரிசைப் பல்
சொல்லோடு சேர்ந்து இறங்கி
மறுபடி ஏறிக்கொண்டது.
தாழ்ப்பாள் இல்லாத கதவை
முதுகால் சாத்தி நிற்பதுபோல
நாக்கு அதைத் தாங்கி நின்றது.

கழற்றிக் காட்டுவீர்களா, என்றேன்.
குறுக்கே புகுந்ததற்கு அமாரோ முறைத்தான்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றி
கைக்குட்டையில் வைத்துத் தந்தார்.
ஈறில் இரண்டு பக்கமும் புண்.
இளஞ்சிவப்புத் தகட்டின் உட்புறம்
ஊசியால் கீறிய இரண்டு எழுத்து: ஆர். பி.
கோப்பில் இருந்த பெயர் எர்சிலியா.

பொருந்தாத பல், அதனால் புண்,
மெல்ல முடியாது, ஆகவே ஒன்பது கிலோ.
கணக்கு நேர்.
சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதென்று
கையுறையை மெதுவாகக் கழற்றினேன்.

அமாரோதான் பேனாவை மூடிவிட்டுக் கேட்டான்:
யாருடையது இது?

அக்கா ரோசால்பா. ஜூனில் போய்விட்டாள்.
பல் மட்டும் குளியலறைத் தம்ளரில் மிச்சம்.
என்னுது ஒடஞ்சு ஒரு வருஷம், புதுசுக்கு வரிசை நீளம்.
ரெண்டு பேருக்கும் ஒரே முகம்னு எல்லாரும் சொல்வாங்க.
அதப் போட்டுக் கண்ணாடியில சிரிச்சா
அவளேதான்.

பல்லில்லாத வாயிலிருந்து பாதிச் சொல்
காற்றாகவே வந்தது.
அமாரோ குனிந்து கேட்டான்:
மெல்ல முடியவில்லையா, பசிக்கவில்லையா?
அப்படியொரு கேள்வி என் புத்தகங்களில் இல்லை.
அவர் வெகுநேரம் யோசித்தார்.
மொதல்ல முடியல. அப்புறம் பசிக்கல.

அச்சு எடுத்தேன். பசை தொண்டைப் பக்கம் வழிய
அவருக்குக் குமட்டியது.
மூக்கால் மூச்சு விடுங்கள் என்று
நெற்றியைப் பிடித்துக்கொண்டான் அமாரோ.
நான் சொல்ல மறந்தது அது.

பிறகு அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு
குறிப்பின் முதல் வரிக்காக நாற்பது நிமிடம்.
பொருந்தாத பல்தொகுதி என்றேன் நான்.
துக்கம் என்றான் அவன்.
இரண்டுக்கும் குறியீட்டு எண் இருக்கிறதாம்.
நடுவே போட்ட காற்புள்ளிக்கு இல்லை.
இரத்தப் பரிசோதனையையும் அவன் விடவில்லை:
நாம் இரண்டு பேருமே தப்பாக இருந்தால்?
அதில் பொறாமை இருந்தது.
நியாயமும் இருந்தது.

கதவு தட்டும் சத்தம்.
கையால் வாயை மூடிக்கொண்டு எர்சிலியா.
பல்லத் தர்றீங்களா? நாலு மணிக்குப் படகு.

கைக்குட்டையோடு மேசைமேல்தான் கிடந்தது,
எங்கள் இருவரின் முழங்கைகளுக்கு நடுவே.

புண்படுத்தும் இடங்களை மட்டும் ராவிக் கொடுத்தேன்.
அமாரோ விளக்கைப் பிடித்தான்.
பார்த்து, என்றான். எழுத்து.
தெரியும், என்றேன்.